குத்துச்சண்டையும் பெண்களும்

சினிமாப் படங்களைப் பற்றித் தலையங்கம் எழுதுவது நமக்கு வழக்கமல்ல. பெரும்பாலான படங்கள் ஜனங்களுடைய புத்தியை மழுங்கச் செய்வதற்கும், பெண்களை ஒன்று தெய்வமாகவாவது அல்லது தாசியாகவாவது காட்டிப் பணம் பறிப்பதற்குமே எடுக்கப்படுகின்றன என்பது நமது வெகுநாளைய அபிப்பிராயம். அப்படி இருந்தும் அமெரிக்காவில் 2000-ம் வருஷத்தில் வெளியான "கேர்ள்ஃபைட்" என்கின்ற ஒரு சிறு படத்தைப் பற்றி இவ்வாரம் எழுதப் புகுகின்றோம். கால் நூற்றாண்டுக்கு முந்திய சங்கதியை இப்போது ஏன் எடுத்துக்கொண்டு வருகின்றீர்கள் என்று சிலர் கேட்கலாம். எப்போது நடந்தது என்றே தெரியாத கதைகளை வருஷா வருஷம் விடிய விடிய உட்கார்ந்து கேட்கின்ற நமக்கு, இருபத்தைந்து வருஷக் கதை ஒன்றும் பழையதாகி விடாது. அன்றியும் அப்படம் கேட்கின்ற கேள்விக்கு இன்னும் ஒருவரும் யோக்கியமான பதில் சொல்லவில்லை.

இப்படத்தை எழுதி எடுத்தவர் காரின் குசாமா என்னும் பெண். அவருக்கு அதுதான் முதல் படம். நியூயார்க் நகரத்தின் புரூக்லின் பகுதியில் உள்ள குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடம் ஒன்றில் தாமே கையுறை மாட்டிப் பழகிய அனுபவத்தை வைத்துக் கதை எழுதினார். கதையை எடுத்துக்கொண்டு பணக்காரர்களிடம் போனபோது, கதாநாயகியை வெள்ளைக்காரப் பெண்ணாக மாற்றினால் யோசிக்கலாம் என்றார்களாம். அதாவது, ஒரு பெண் சண்டை போடுவதைச் சகித்துக்கொண்டாலும், ஏழைக் குடியிருப்பில் பிறந்த மாநிறப் பெண் சண்டை போடுவதைச் சகிக்க முடியாது என்பது அவர்களுடைய வியாபார சாஸ்திரம். குசாமா மாற்ற மறுத்து விட்டார். முடிவில் அவர் முன்பு உதவியாளராக வேலை பார்த்த ஜான் சேல்ஸ் என்னும் டைரக்டர் தம் சொந்தப் பணத்தைப் போட்டதால்தான் படம் வெளியே வந்தது. மொத்தச் செலவு சுமார் 10 லட்சம் டாலர். அமெரிக்கச் சினிமாக் கணக்கில் இது ஒரு நட்சத்திரத்தின் கைச்செலவுக்குக் கூடக் காணாது. கதாநாயகியாக நடித்த மிஷெல் ரோட்ரிகஸ் அதற்கு முன் நடித்துப் பழக்கமே இல்லாதவர். இவ்வளவு வசதிக் குறைவோடு எடுக்கப்பட்ட படம், அவ்வருஷம் சன்டான்ஸ் பட விழாவில் முதற் பரிசை இன்னொரு படத்தோடு பகிர்ந்துகொண்டதோடு, டைரக்டர் பரிசையும் பெற்றது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லுகின்றோம். தயானா என்பவள் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் படிக்கின்ற ஒரு பெண். ரெட் ஹூக் என்னும் பகுதியில் சர்க்கார் கட்டிக் கொடுத்த ஏழைக் குடியிருப்பில் தகப்பனோடும் தம்பியோடும் வசிக்கின்றாள். தாய் உயிரோடு இல்லை. அவள் ஏன் இல்லை என்பது படத்தில் பிறகுதான் தெரிகின்றது. தகப்பன் தன் மகனுக்குக் குத்துச்சண்டை கற்றுக் கொடுக்கக் கூலி கொடுத்து அனுப்புகின்றான். மகனுக்கோ அதில் கொஞ்சமும் இஷ்டமில்லை. அவனுக்குச் சித்திரம் எழுத வேண்டும் என்பதுதான் ஆசை. மகளுக்கோ கையும் மனமும் அதிலேயே இருக்கின்றன. அவளுக்குக் காசு கொடுப்பாரில்லை. ஆண் பிள்ளைக்கு வேண்டாத சண்டையை வலிய வாங்கிக் கொடுக்கின்றான். பெண் பிள்ளை வேண்டும் என்று கேட்கின்ற சண்டையை இல்லை என்கின்றான். இதில் மகனும் கெட்டான், மகளும் கெட்டாள். ஆண் உயர்ந்தவன் என்கின்ற எண்ணம் பெண்ணைத்தான் நசுக்குகின்றது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள், அந்தத் தம்பி வேண்டா வெறுப்பாகக் கையுறை மாட்டிக்கொண்டு அடி வாங்குவதைப் பார்க்க வேண்டும். தன் பாடத்துக்கான பணத்தை அக்காளுக்கு விட்டுக் கொடுக்கின்றவனும் அவனேதான்.

பயிற்சிக் கூடத்து வாத்தியாரோ முதலில், பெண்கள் பழகலாமே தவிர, சண்டையில் இறங்க முடியாது என்கின்றார். இந்த வாக்கியத்தை நமது வாசகர்கள் எங்கோ கேட்ட மாதிரி இருக்கும். பெண் படிக்கலாம், ஆனால் உத்தியோகம் பார்க்கக் கூடாது. சம்பாதிக்கலாம், ஆனால் செலவு செய்யக் கூடாது. ஓட்டுப் போடலாம், ஆனால் யாருக்கு என்று வீட்டுக்காரர் சொல்லுவார். எல்லாம் அந்த வாத்தியாரின் வாக்கியந்தான். ஆனால் அவர் கெட்டவரல்ல. அவள் கையைப் பார்க்கின்றார், மனம் மாறுகின்றார்.

நிற்க, படத்தில் பெரிய கோதாச் சண்டைகள் பல இருந்த போதிலும், நமக்கு முக்கியமாகப் பட்டது ஒரு சமையலறையில் நடக்கின்ற சண்டையேயாகும். மகள் களவாகக் குத்துச்சண்டை பழகுகின்றாள் என்பது தகப்பனுக்குத் தெரிந்து, அவன் வீட்டில் அவளை மடக்குகின்றான். அவள் அவனைத் தரையில் சாய்த்து, கழுத்தில் கையை வைத்துக்கொண்டு, தாயைப் பற்றிக் கேட்கின்றாள். அந்தத் தாய் புருஷனுடைய கொடுமை தாங்காமல் தற்கொலை செய்துகொண்டவள். தாய் அடி வாங்கின காலத்தில் அவ்வீட்டிற்குள் ஒருவரும் வந்து, பெண்ணுக்கு அடி தாங்குகின்ற உடம்பில்லை, இது சட்ட விரோதம், மணி அடியுங்கள், நிறுத்துங்கள் என்று சொன்னதில்லை. மகள் தன் இஷ்டத்தோடு கையுறை மாட்டிக்கொண்டு, தன் எடையுள்ள ஒருவரோடு, மத்தியஸ்தர் முன்னிலையில் அடிக்கவும் அடி வாங்கவும் புறப்பட்டவுடனே, பெண்ணுடைய உடம்பின் மேல் எல்லாருக்கும் கருணை பொங்கி விடுகின்றது!

இந்த இடத்தைத்தான் நாம் நமது வாசகர்கள் நிதானமாக யோசிக்க வேண்டும் என்று ஆசைப்படுகின்றோம். குத்துச்சண்டைக் கோதாவில் என்ன இருக்கின்றது? இருவருக்கும் ஒத்த எடை. கையில் பஞ்சு வைத்த உறை. இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது என்கின்ற விதி. கீழே விழுந்தவரை எழுந்திருக்கும் வரை தொடக் கூடாது என்கின்ற விதி. பக்கத்தில் டாக்டர். சுற்று முடிந்தால் மணி. போதும் என்று ஒருவர் தோற்றுப் போக இஷ்டப்பட்டால், அவருடைய மூலையிலிருந்து துண்டை வீசி எறிந்தால் போதும். குடும்பம் என்கின்ற கோதாவிலோ எடை ஒத்துப் பார்ப்பதில்லை; உறை இல்லை; விழுந்த பிறகுதான் அடியே ஆரம்பம்; மணி அடிப்பார் இல்லை; துண்டு வீசினால் பிறந்த வீட்டார் அதை எடுத்து மறுபடியும் அவள் கையிலேயே கொடுத்து, போய் அனுசரித்துப் போ என்கின்றார்கள். இந்த இரண்டு இடத்தில் எது பெண்ணுக்கு ஆபத்தான இடம் என்று கேட்கின்றோம். முதலாவதைத் தடுப்பதற்குச் சட்டமும் சம்பிரதாயமும் முந்திக்கொண்டு வந்தன. இரண்டாவதற்குச் சட்டம் வர எத்தனை காலம் ஆயிற்று? நமது இந்தியாவில் குடும்பத்துக்குள் நடக்கும் கொடுமையிலிருந்து பெண்ணைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் 2005-ல்தான் வந்தது. அமுலுக்கு வந்தது 2006-ல்.

பெண்கள் குத்துச்சண்டை செய்வது ஏதோ இக்காலத்து நாகரிகக் கேடு என்று சொல்லுகின்றவர்கள் சரித்திரம் படிக்காதவர்கள். 1722-ம் வருஷத்திலேயே லண்டனில் எலிசபெத் வில்கின்சன் என்பவர், ஹன்னா ஹைஃபீல்ட் என்பவரை மேடையில் சண்டைக்கு அழைத்துப் பத்திரிகையில் பகிரங்கமாக விளம்பரம் செய்தார். பந்தயம் மூன்று கினி. இருவரும் ஒவ்வொரு கையிலும் ஒரு அரைக் கிரவுன் நாணயத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போட வேண்டும். முதலில் நாணயத்தைக் கீழே விட்டவர் தோற்றவர் என்பது விதி. நாணயம் கையில் இருந்தால் நகத்தால் கீறவும் மயிரைப் பிடித்து இழுக்கவும் முடியாதல்லவா? எவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு பாருங்கள்!

பிறகு மரியாதைஸ்தர்களின் காலம் வந்தது. மரியாதைஸ்தர்கள் வந்தால் முதலில் மறைவது பெண்தான். பெண்கள் சண்டை திருவிழாக் கூடாரங்களுக்குள்ளும் மது விற்கும் இடங்களின் பின்புறங்களுக்கும் தள்ளப்பட்டு விட்டது. இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கத்தில் பிறந்த பார்பரா பட்ரிக் என்னும் பெண் சிறுமியாய் இருக்கையில், செருப்புத் துடைக்க எடுத்த பழைய பத்திரிகையில் முன் காலத்துக் குத்துச்சண்டைக்காரி ஒருத்தியைப் பற்றிப் படித்து விட்டு, தானும் அப்படியே ஆவதென்று தீர்மானித்தார். உயரம் ஐந்து அடிக்கு ஒரு அங்குலம் குறைவு. 1940-களின் கடைசியில் அவருக்குக் கிடைத்த கோதாவெல்லாம் சந்தைத் திடல்களில் போடப்பட்ட கூடாரங்களே. ஆண்களுக்கு இருந்த அங்கீகாரம், மேடை, லைசென்ஸ் எதுவும் கிடையாது. பிறகு அமெரிக்காவுக்குப் போய், 1957-ல் டெக்சாஸ் மாகாணத்தில் உலகப் பட்டத்துக்காகச் சண்டை செய்து ஜெயித்தார். பின்னாளில் பெண்களுக்கென்றே ஒரு சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கத்தையும் அவரே ஸ்தாபித்தார்.

அந்தச் சங்கத்தின் உலகப் பட்டத்தை 1996-ல் கோபன்ஹேகன் நகரில் ஜெயித்தவர், இங்கிலாந்தின் ஃப்ளீட்வுட் என்னும் மீன்பிடி ஊரைச் சேர்ந்த ஜேன் கௌச். உலகப் பட்டத்தோடு ஊர் திரும்பியவருக்குச் சொந்த நாட்டில் தொழில் செய்ய லைசென்ஸ் இல்லை என்று பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு போர்டு சொல்லி விட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். போர்டார் சொன்ன காரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் பெண்களுடைய மனம் நிலை தடுமாறும். ஆதலால் கோதாவில் அவர்களுக்கு விபத்து நேரிடும் என்பது. விஞ்ஞானம் கொழிக்கும் மேல்நாட்டில், 1998-ம் வருஷத்தில், விசாரணை மன்றத்தில் சத்தியம் செய்து சொல்லப்பட்ட காரணம் இது! நம் ஊரில் தீட்டு என்று மூலையில் உட்கார வைக்கின்றவர்களுக்கும், லண்டனில் கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு இதைச் சொன்னவர்களுக்கும் உடையில்தான் வித்தியாசமே தவிர புத்தியில் வித்தியாசம் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் அதே பெண் ஆஸ்பத்திரியில் நர்சாக ஊசி போடவில்லையா? பஸ் ஓட்டவில்லையா? கொதிக்கின்ற எண்ணெய்க்குப் பக்கத்தில் நின்று இந்தக் கனவான்களுக்குப் பலகாரம் சுடவில்லையா? அப்போதெல்லாம் தடுமாறாத மனம் லைசென்ஸ் கேட்கும்போது மட்டும் தடுமாறி விடுமா? நல்ல வேளையாக மன்றம் கௌச் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. அவ்வருஷம் நவம்பரில் லண்டனில் ஒரு இரவு விடுதியில் அவர் சட்ட சம்மதத்தோடு முதல் சண்டை செய்து ஜெயித்தார்.

தடை போன பிறகும் பித்தம் தெளியவில்லை. ஒலிம்பிக் பந்தயத்தில் ஆண்களுடைய குத்துச்சண்டை 1904 முதல் இருந்து வர, பெண்களுக்கு இடம் கிடைத்தது 2012-ல் லண்டனில். அதற்குக் கொஞ்ச காலத்துக்கு முன்பு சர்வதேச அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கத்தார் செய்த காரியத்தைச் சொன்னால் நமது வாசகர்கள் கேலி என்றே நினைப்பார்கள். பெண்கள் பாவாடை கட்டிக்கொண்டு சண்டை செய்தால் நன்றாக இருக்கும் என்று யோசனை சொன்னார்கள். டெலிவிஷனில் பார்க்கின்றவர்களுக்கு ஆண் யார், பெண் யார் என்று அடையாளம் தெரிய வேண்டுமாம்! மூக்கிலே குத்து விழுகின்ற நேரத்தில் அடையாளம் தெரிந்து என்ன ஆக வேண்டும்? அயர்லாந்தின் கேட்டி டெய்லர் முதலிய வீராங்கனைகள் கட்ட மாட்டோம் என்று சொல்லி விட்டார்கள். எதிர்ப்புப் பலத்த பிறகு, பாவாடை கட்டுவது அவரவர் இஷ்டம் என்று சங்கத்தார் இறங்கி வந்தார்கள். லண்டனில் ஆண்களுக்குப் பத்து எடைப் பிரிவுகள், பெண்களுக்கு மூன்றே மூன்று. 2024-ல் பாரிசில் ஆண்களுக்கு ஏழு, பெண்களுக்கு ஆறு. அந்த ஒன்றும் எப்போது சரியாகும் என்று பார்ப்போம்.

இன்னொரு காரணம் முகம். கியூபா தேசம் புரட்சி செய்து பழைய ஏற்பாடுகளையெல்லாம் மாற்றிய தேசம். குத்துச்சண்டையில் நாற்பதுக்கு மேற்பட்ட ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் வாங்கிய தேசம். அங்கேயும் பெண்கள் குத்துச்சண்டைப் பந்தயத்தில் இறங்க 2022 டிசம்பர் வரையில் அனுமதி இல்லை. ஒரு கியூபப் பயிற்சியாளர், எங்கள் தேசத்துப் பெண்கள் அழகிய முகத்தைக் காட்டப் பிறந்தவர்களே ஒழிய அதில் குத்து வாங்கப் பிறந்தவர்கள் அல்ல என்று கருத்துப்படப் பேசியதும் உண்டு. ஹவானா நகரில் ஒரு பெண் வருஷக் கணக்காக ஆண்களோடு சேர்ந்து பயிற்சி செய்தும், ஒரு பந்தயத்திலாவது இறங்க முடியாமல், கடைசியில் தடை நீங்கியபோது வயது வரம்பாகிய நாற்பதைத் தாண்டி விட்டார். மணிப்பூரில் மேரி கோம் வீட்டுக்குத் தெரியாமல் குத்துச்சண்டை பழகினார். 2000-ம் வருஷத்தில் மாகாணப் போட்டியில் ஜெயித்து, பத்திரிகையில் படம் வந்ததைப் பார்த்துத்தான் தகப்பனாருக்குத் தெரிந்தது. முகம் கெட்டு விட்டால் கல்யாணம் எப்படி நடக்கும் என்பது அவருடைய கவலை. அவர் ஏழைக் கூலி விவசாயி. அவர் மேல் நமக்குக் கோபமில்லை. புரட்சி செய்த தேசத்துப் பயிற்சியாளரும், மலை நாட்டுக் குடியானவரும் ஒரே வார்த்தையைச் சொல்லும்படி செய்கின்ற ஏற்பாட்டின் மேல்தான் கோபம். பெண்ணின் முகம் அவளுடையது அல்ல, அதைப் பார்க்கப் போகின்றவனுடையது என்கின்ற தத்துவத்தைத் தவிர இதில் வேறு ஏதாவது இருக்கின்றதா? ஆண் மூக்கு உடைந்து வந்தால் வீரத் தழும்பு. பெண் மூக்கு உடைந்து வந்தால் சரக்குச் சேதம்!

இனி நமது தோழர்களிலேயே சிலருக்குள்ள ஆட்சேபணைக்கு வருகின்றோம். ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வது ஒரு விளையாட்டா, பகுத்தறிவு பேசுகின்றவர்கள் இதற்கு வக்காலத்து வாங்கலாமா என்று கேட்கின்றார்கள். நியாயமான கேள்வி. குத்துச்சண்டை மூளைக்குக் கேடு செய்யக் கூடியது என்பதை நாம் மறுக்கவில்லை. அடி தலையில் விழுந்தால் ஆணுக்கும் கேடு, பெண்ணுக்கும் கேடு. இது கூடாது என்று ஒரு நாட்டார் முடிவு செய்தால், நார்வேக்காரர்களைப் போல் செய்யட்டும். அங்கே தொழில் முறைக் குத்துச்சண்டை 1981-ல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஆணுக்கும் தடை, பெண்ணுக்கும் தடை. சிசிலியா பிரேகஸ் என்னும் நார்வேப் பெண் வெளிநாடுகளில் சண்டை செய்து 2014-ல் தம் எடைப் பிரிவின் எல்லா உலகப் பட்டங்களையும் சேர்த்துக்கொண்ட பிறகு, அவ்வருஷக் கடைசியில்தான் அந்தச் சட்டம் எடுக்கப்பட்டது. ஸ்வீடனிலும் 1970 முதல் 2006 வரை இப்படி ஒரு தடை இருந்தது. அச்சட்டங்கள் சரியா தப்பா என்று வாதம் செய்யலாம். அதில் வஞ்சகம் இருந்தது என்று சொல்ல முடியாது. ஆண் அடித்துக்கொண்டால் விளையாட்டு, பெண் அடித்துக்கொண்டால் பாவம் என்பதில்தான் வஞ்சகம் இருக்கின்றது. அது உடம்பைக் காப்பாற்றுகின்ற சட்டமல்ல. உடைமையைக் காப்பாற்றுகின்ற சட்டம். அதனால் பெண்கள் சண்டை நின்று போய் விடவுமில்லை. டாக்டரும் மத்தியஸ்தரும் இல்லாத மறைவிடத்துக்குப் போயிற்று, அவ்வளவுதான் பலன்.

படத்துக்குத் திரும்புகின்றோம். கடைசியில் தயானா, ஆண் பெண் என்று பாராமல் எடையை மட்டும் பார்த்து நடத்தப்படுகின்ற அமெச்சூர் போட்டியில், தன்னை நேசிக்கின்ற இளைஞனோடேயே மோத வேண்டி வருகின்றது. அவன் முதலில் பின்வாங்குகின்றான். காதலியை அடிக்க மனமில்லை என்பதைவிட, காதலியிடம் தோற்றால் ஊரார் என்ன சொல்லுவார்கள் என்கின்ற பயமே பெரிதாக இருக்கின்றது. சண்டை நடக்கின்றது. அவள் ஜெயிக்கின்றாள். வானம் இடிந்து விழவில்லை. அவன் செத்தும் போகவில்லை, சந்நியாசியாகவும் போகவில்லை. இருவரும் மறுபடியும் பேசிக்கொள்கின்றார்கள். இது வாழ்க்கையில் நடக்குமா என்று சிலர் இம்முடிவைக் குறை சொன்னார்கள். அப்படியே இருக்கட்டும். ஆண் ஒருவனே பத்துப் பேரை அடித்து வீழ்த்துகின்ற படங்களைப் பார்த்து விட்டு வந்து நடக்குமா என்று கேட்காதவர்கள், இதற்கு மட்டும் கேட்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

இதே பொருளை வைத்து 2004-ல் "மில்லியன் டாலர் பேபி" என்று ஒரு பெரிய படம் வந்தது. செலவு சுமார் 3 கோடி டாலர். அதாவது முந்திய படத்தைப் போல் முப்பது மடங்கு. சிறந்த படம் என்பது உள்பட நான்கு ஆஸ்கர் பரிசுகள். அதிலும் ஒரு ஏழைப் பெண், ஓட்டலில் பரிமாறுகின்றவள், குத்துச்சண்டைக்காரி ஆகின்றாள். முடிவு என்ன? கழுத்து முறிந்து, கை கால் விளங்காமல், ஒரு காலையும் இழந்து, கடைசியில் வயோதிகப் பயிற்சியாளரின் கையாலேயே உயிரை விடுகின்றாள். கதையைச் சொல்லுகின்றவரும் ஒரு ஆண். கடைசியில் நாம் யாருக்காகக் கண்ணீர் விடுகின்றோம் என்றால், அந்தப் பயிற்சியாளருக்காக. நடிப்பும் எடுத்த விதமும் உயர்தரமானவை; அதை மறைக்க நமக்கு அவசியமில்லை. ஆனால் பத்து லட்சத்தில் எடுத்த பெண் தன் கதாநாயகியை உயிரோடு ஜெயிக்க வைக்கின்றார். மூன்று கோடியில் எடுத்த பெரியவர் அவளைப் படுக்கையில் கிடத்திச் சாகடிக்கின்றார். பணம் கூடக் கூடப் பெண்ணின் ஆயுள் ஏன் குறைகின்றது என்று யோசித்துப் பாருங்கள்.

நமது தமிழிலும் 2016-ல் சுதா கொங்கரா எடுத்த "இறுதிச்சுற்று" வந்து, ஜனங்கள் நன்றாக ஆதரித்தார்கள். வடசென்னையில் மீன் விற்கின்ற பெண், நிஜமாகவே சண்டைப் பயிற்சி உள்ள ரித்திகா சிங், வாய்த் துடுக்கும் கைத் துடுக்குமாக நடித்திருந்தார். தேர்வுக் கமிட்டிக்காரர்களின் அயோக்கியத்தனத்தையும், பெண்களிடம் அவர்கள் எதை எதிர்பார்க்கின்றார்கள் என்பதையும் ஒளிக்காமல் காட்டியதற்காக அப்படத்தைப் பாராட்டுகின்றோம். ஆனாலும் வாத்தியாரின் தியாகத்துக்கு அதிலும் கொஞ்சம் தாராளமாகவே இடம் ஒதுக்கி விட்டார்கள்.

இவ்வளவு தூர தேசத்துக் கதை எங்களுக்கு எதற்கு என்று கேட்கின்ற கிராமத்துத் தோழர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லுகின்றோம். சர்க்கார் 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்குப்படி, இந்தியாவில் கல்யாணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 29 பேர் புருஷனிடம் கொடுமைக்கு ஆளானவர்கள். தமிழ்நாட்டில் இது நூற்றுக்குச் சுமார் 38. வாய் திறந்து சொன்னவர்கள் கணக்கு மட்டும் இது. கல்வியிலும் ஆஸ்பத்திரியிலும் தொழிலிலும் இந்தியாவுக்கே வழிகாட்டி என்று நாம் மார் தட்டிக்கொள்கின்ற நாட்டில், இந்த ஒரு கணக்கிலும் முந்தி இருக்கின்றோம். இப்பத்திரிகை படிக்கின்ற வீடுகளில் அடி விழுவதே இல்லை என்று நாம் நம்பத் தயாராக இல்லை. மேடையில் பெண் விடுதலை பேசி விட்டு, வீட்டில் சோறு தாமதமானதற்குக் கை ஓங்குகின்ற தோழர்களை நாம் கண்டிருக்கின்றோம். ரெட் ஹூக் குடியிருப்பின் சமையலறைக்கும் நமது அடுப்பங்கரைக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை அவரவர்களே அளந்துகொள்ளட்டும்.

எல்லாப் பெண்களும் குத்துச்சண்டைக்காரிகள் ஆகிவிட வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. எல்லா ஆண்களும் ஆகி விட்டார்களா என்ன? இஷ்டமுள்ளவள் பழகட்டும், மற்றவளுக்கு, தன் கையும் ஒரு கை என்று தெரிந்திருந்தால் போதும். பஞ்சாயத்துகளும் பள்ளிக்கூடங்களும் பையன்களுக்கு விடுகின்ற மைதானத்தையும் வாத்தியாரையும் பெண்களுக்கும் விட வேண்டும். மாலையில் ஒரு மணி நேரம் பெண்கள் தைரியமாக வந்து போகக் கூடிய பயிற்சிக் கூடம் ஊருக்கு ஒன்று இருக்கும்படி செய்வது பஞ்சாயத்துத் தலைவர்களுக்குப் பெரிய காரியமல்ல.

கூலி விஷயமும் ஒன்று பாக்கி இருக்கின்றது. 1978-ல் நியூயார்க்கில் முதன் முதல் லைசென்ஸ் வாங்கிய பெண்களில் ஒருவரான மேரியன் டிரிமியார், பெண்களுக்கு நியாயமான கூலியும் மேடையும் வேண்டும் என்று 1987-ல் ஒரு மாதம் பட்டினி கிடந்தார். அடி தாங்குகின்ற உடம்பைப் பட்டினி போட்டுத்தான் காது கேட்க வைக்க வேண்டி இருந்தது. 2022 ஏப்ரலில்தான் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் மண்டபத்தில் முதல் தடவையாகப் பெண்கள் சண்டை பிரதான சண்டையாக நடந்தது. கேட்டி டெய்லரும் அமாண்டா செரானோவும் மோதினார்கள். இருந்தும் பெண்களுக்கு வழக்கமான சுற்று இரண்டு நிமிஷம், பட்டப் போட்டிக்குப் பத்துச் சுற்று, ஆக 20 நிமிஷம். ஆண்களுக்கு மூன்று நிமிஷமாகப் பன்னிரண்டு சுற்று, ஆக 36 நிமிஷம். நேரத்தைக் குறைத்தவர்களும் இவர்களே, குறைந்த நேரம் சண்டை செய்தவளுக்குக் குறைந்த கூலி போதும் என்பவர்களும் இவர்களே. செரானோ 2023 அக்டோபரில் ஆண்களைப் போலவே பன்னிரண்டு சுற்றும் மூன்று நிமிஷமாக நின்று ஜெயித்துக் காட்டினார். அப்படியும் உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் என்னும் சங்கத்தார் தங்கள் பட்டத்துக்கு அதை ஒப்புக்கொள்ள மறுத்தபோது, உங்கள் பட்டம் எனக்கு வேண்டாம் என்று டிசம்பரில் விட்டெறிந்து விட்டார்.

நமது வாசகசாலைகளும் மன்றங்களும் "கேர்ள்ஃபைட்" படத்தைத் தருவித்து, ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டே வர, ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டலாம். செலவு அதிகமில்லை. ஆண்கள் மட்டும் வந்து உட்கார்ந்துகொள்ளாமல் வீட்டுப் பெண்களையும் அழைத்து வர வேண்டும். அவர்களுக்கு முன் வரிசையை விட வேண்டும். அந்தச் சமையலறைக் காட்சி வரும்போது எந்தெந்தத் தோழர் வெற்றிலை போட எழுந்து வெளியே போகின்றார் என்பதை மன்றச் செயலாளர்கள் கவனித்து வைத்துக்கொள்ளலாம்.